திருக்கயிலை நிற்கும் நிலம்

திருக்கயிலையைப் பற்றிப் பேசும் நம்மவருட் பலர் அதனை இமயமலையின் சிகரங்களுள் ஒன்றெனவே கொள்வர். மேடையிற் சொற்பொழிவாற்றுவோரும், பாடநூல் எழுதுவோரும், புராண வசனம் அச்சிடுவோரும் 'இமயத்தின் உச்சியில் விளங்கும் கயிலை' என்றே கூறி வருகின்றனர். சிலர் ஒருபடி மேற்சென்று, அஃது உலகத்து மலைகள் யாவற்றினும் உயர்ந்தது என்றும் கூறுப. இவ்விரண்டும் உண்மையொடு பொருந்தா. கயிலை இமயத் தொடரில் இல்லை. அத்தொடரைக் கடந்து, அதற்கு வடக்கே, வேறொரு மலைத்தொடரில் உளது. அதன் உயரம் 21,778 அடி. எவரெஸ்டு என வழங்கும் சிகரத்தின் உயரமோ 29,032 அடி. அவ்வளவு தொலைவும் போகவேண்டுவதில்லை. கயிலைக்குத் தெற்கே வாவிகளின் அக்கரையில் நிற்கும் குருலா மாந்தாதா என்னும் மலையே 25,243 அடி உயரமுடையது.

இதனை எடுத்துரைப்பதாற் கயிலையின் பெருமைக்கு இழுக்கு நேருமோ என அன்பர் சிலர் ஐயுறுவர். சிவபெருமான் ஓரிடத்தே அடங்குவானல்லன் என்பது சித்தாந்தத் துணிபு. எனினும் அடியார் திருவேடத்தையும் திருக்கோயிலையும் அவனெனவே வழிபடல் வேண்டுமென்பது சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரத்தாற் பெறப்படுதலின், அவன் இடமெனப் போற்றப்படும் ஒரு மலையின் இருப்பை உள்ளவாறு அறிதல் வழிபாட்டிற்குப் புறம்பாகாது. மேலும், அந்நிலத்தின் அமைப்பை அறிந்தார்க்கே அம்மலை அவ்விடத்து நிற்றலின் சிறப்பும் புலனாகும்.

தென்றிசையினின்று செல்வான் காணும் முறையிலேயே மலைகளைக் கூறுவாம். கங்கைச் சமவெளி முடியுமிடத்து முதற்கண் எதிர்ப்படுவது சிவாலிக் என்னும் தாழ்ந்த குன்றுத்தொடர். அதன் பின்னர் அல்மோரா முதலிய ஊர்கள் அமைந்த இடைநிலை மலைகள். அவற்றிற்கப்பாற் பனி மூடிய பெருந்தொடர். 25,643 அடி உயரமுள்ள நந்தாதேவி முதலிய சிகரங்கள் இதன்கண் உள்ளன. இப்பெருந்தொடரையே இமயம் எனச் சிறப்பாகக் கூறுதல் வேண்டும். இதனைக் கடத்தற்குக் கணவாய்கள் சிலவே உண்டு. மேற்கே பதரிநாதத்திற்கு வடக்கில் மானா, அதனையடுத்து நீதி. கிழக்கே காளியாற்றின் தலைப்புறத்தில் இலிபுலேக்கு. இலிபுலேக்குக் கணவாய் ஏறக்குறைய 17,000 அடி உயரத்தில் உளது. அதனை ஏறிக் கடந்தோன் வடபுறத்தே இறங்குகின்றான். புராங்கு என்னும் பள்ளத்தாக்கையும், தக்கலாகோட்டு என்னும் சந்தையூரையும் அடைகின்றான். அங்கிருந்து மீண்டும் ஏறிக் குருலாக் கணவாயைக் கடக்கும்போதுதான் இரண்டு வாவிகளும், அவற்றிற்கு வடக்கே பர்க்கா என்னும் அகன்ற வெளியும், அவ்வெளியின் எல்லையில் நிமிர்ந்து நிற்கும் கயிலையும் ஒருங்கே தோன்றுவன. கயிலையைத் தன்னகத்தே கொண்ட தொடர்க்குத் திபேத்தியர் இட்ட பெயர் காங்டிசே. சுவீடன் நாட்டுச் சுவென் ஹெடின் என்பார் அதனையும் அதனொடு தொடர்ந்த மலைகளையும் 'இமயத்திற்கு அப்பாலுள்ள மலை' எனப் பொருள்படும் பெயரால் வழங்கினர். அதற்கும் வடக்கே சாங்டாங்கு என்னும் மேட்டுநிலம் பல நூறு மைல் பரந்து கிடக்கின்றது.

இவ்வமைப்பினின்று ஒன்று எளிதிற் பெறப்படும். தென்மேற்குப் பருவக்காற்றுக் கொணரும் மேகங்களை இமயப் பெருந்தொடர் தடுத்து நிறுத்துகின்றது. மூங்கிலும் தேவதாருவும் வளர்வதும் யானைகள் உலவுவதும் அதன் தென்சாரலிலும் அடிவாரத்திலுமே. வடபுறத்தோ மழை மிக அரிது. மரம் என்பதே இல்லை. குறும்புல்லும் முட்செடியும் ஆங்காங்கே காணப்படும். யாத்திரிகர் சோறு சமைத்தற்கு விறகாவது அம்முட்செடியும், கவரிமாவின் உலர்ந்த சாணமுமே. சோலையும் சுனையும் சூழ்ந்ததாகக் கயிலையை வருணிக்கும் புராணங்களைக் கற்றுச் செல்வோர் அவ்வெறுவெளியைக் கண்டு திகைப்பதுண்டு. தென்சாரலின் வளமும் வடபாலுள்ள மலையும் கேள்வியால் ஒன்றாக இணைந்து வருணனையாயின என்பது எம் கருத்து.

இனி, மலையின் இயல்பு. 1936ஆம் ஆண்டில் கான்சர் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டு நிலநூற் புலவர், திபேத்திற் புகுதற்கு அனுமதி கிடையாமையின், யாத்திரிகர் வேடம் பூண்டு கயிலையை வலம் வந்தார். வந்தவர் கற்களை ஆராய்ந்தார். கயிலை பெரும்பாலும் உருள்கற்கள் ஒன்றோடொன்று இறுகிப் பாறையாகியதொரு கூட்டுப்பாறையால் ஆயது என்று அவர் கண்டனர். உருள்கல் ஆற்றிலன்றி வேறெங்கு உண்டாகும்? பண்டொரு காலத்தில் ஆறுகள் உருட்டிக் கொணர்ந்து படிவித்த கற்படுகைகளே, அடுக்கடுக்காக இறுகி, நில எழுச்சியால் உயர்த்தப்பட்டு, பனியாலும் காற்றாலும் செதுக்கப்பட்டு இம்மலையாயின. அவ்வடுக்குகள் ஏறத்தாழக் கிடையாக இருத்தலாற்றான் கயிலையின் பக்கங்கள் படிகள் அமைத்தாற்போலக் காணப்படுகின்றன. அதன் தென்முகத்தில் மேலிருந்து கீழாக ஓடும் பெரும் பிளவும் அப்படிகளும் குறுக்கிடுதலை யாத்திரிகர் வியந்து கூறுவர். ஆறுகளின் தாயகமெனப் போற்றப்படும் மலை, தானே ஆற்றுக்கற்களால் ஆகியிருத்தல் எம்மைப் பெரிதும் வியப்பில் ஆழ்த்துவது.

கயிலைக்குத் தெற்கே கான்சர் கண்ட வேறு சில பாறைகள் கடலின் அடித்தளத்திற்குரியன. இந்திய நிலமும் வடபால் ஆசிய நிலமும் முன்னர் ஒரு பெருங்கடலாற் பிரிந்திருந்தன, ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் அவை ஒன்றையொன்று முட்டின, இடைக்கடல் மறைந்தது, இமயம் எழுந்தது என்பது இக்காலத்து நிலநூலார் முடிபு. அவ்விரு நிலங்களும் பொருந்திய தையல், சிந்துவும் பிரமபுத்திராவும் ஓடும் பள்ளத்தாக்குகளின் வழியே, கயிலையின் அடியை ஒட்டிச் செல்கின்றது. கயிலைத் தொடரும் இமயத் தொடரும் வெவ்வேறு நிலத்தன என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டா.

நிற்க. கயிலையின் சூழலிற் பிறக்கும் ஆறுகளைச் சிறிது விரித்துக் கூறல் வேண்டும். ஏனெனில் இந்நிலத்தைப் பற்றிய பிழைகளும் திருத்தங்களும் பெரும்பாலும் ஆறுகளைச் சார்ந்தே எழுந்தன.

நான்கு திசையினும் நான்கு ஆறுகள் இங்கிருந்து செல்வன என்பது திபேத்தியர் மரபு. கிழக்கே குதிரை வாயினின்று வருவது தாம்சோக் கம்பாபு. தெற்கே மயில் வாயினின்று வருவது மாப்சா கம்பாபு. மேற்கே யானை வாயினின்று வருவது லாங்சென் கம்பாபு. வடக்கே சிங்க வாயினின்று வருவது செங்கே கம்பாபு. முறையே இவை பிரமபுத்திராவும், கர்ணாலியும், சட்லெட்சும், சிந்துவும் ஆம். கர்ணாலி நேபாளத்தினூடு பாய்ந்து, காக்ரா என்னும் பெயரோடு பீகாரிற் சாப்ராவினருகே கங்கையிற் கலக்கின்றது. ஆகவே நான்கனுள் இரண்டன் நீர் மேல்கடலையும், இரண்டன் நீர் கீழ்கடலையும் சேர்கின்றது. இந்நான்கு ஆறுகளின் தலைகளும் கயிலையைச் சுற்றி ஏறத்தாழ 60 மைல் எல்லைக்குள் அடங்கியிருத்தல் உலக நிலப்படத்தில் ஒப்புமை காண்டற்கரியதொன்று. மரபின் கருத்து இவ்வளவிற் செம்மையானதே. ஆனால் அதனைச் சொல்லுக்குச் சொல் பொருள்கொண்டு, நான்கும் மானதவாவி ஒன்றினின்றே வெளிப்படுவன என்று வரைந்தவர் பிழைபட்டனர்.

அப்பிழை முதலிற் பெரிதாகப் பதிந்தது சீனப் பேரரசர் காங்சியின் காலத்திலாம். அவர் விடுத்த இலாமாக்கள் இருவர் 1717இல் கயிலைப்புறம் வரை சென்று, படம் வரைந்து மீண்டனர். வாவிகளினின்று மேற்கே செல்லும் ஆற்றைக் கங்கையென அவர் குறித்தனர், அது சட்லெட்சு. அப்படத்தை அடியாகக் கொண்டு 1730களில் பாரிசு நகரத்து தான்வில் என்பார் அச்சிட்ட படங்கள் ஐரோப்பா முழுதும் பரவின. கங்கை மானதவாவியினின்று தோன்றி, இமயத்தைத் துளைத்து வருவதாகவே அரை நூற்றாண்டிற்கு மேலும் கற்றோர் நம்பினர். 1808இல் வெப், ரேப்பர், ஹியர்சே என்னும் மூவர் கங்கையின் வழியே மேற்சென்று ஆராய்ந்து, அஃது இமயத்தின் தென்புறத்தே பிறப்பது எனத் துணிந்தனர். 1817இல் ஹாட்சன் என்பார் பனிப்பாறையின் அடியினின்று பாகீரதி வெளிப்படும் கோமுகத்தை நேரிற் கண்டார். கங்கோத்திரிக்கு ஆண்டுதோறும் சென்று மீளும் சாதுக்களைக் கேட்டிருப்பின் இவ்வுண்மை ஒரு நூற்றாண்டிற்கு முன்னரே கிடைத்திருக்கும்!

1812இல் மூர்க்ராப்ட் என்னும் கால்நடை மருத்துவர், ஹியர்சேயோடு கூடிக் கோசாயி வேடம் பூண்டு, நீதிக் கணவாய் வழியே மானதவாவியை அடைந்தார். வாவியினின்று நீர் வெளியேறும் வாய் உண்டோ என்று கரைவழியே தேடினார், காணவில்லை. 1846இல் ஹென்றி ஸ்டிரேச்சி சென்றபோதோ, மானதவாவியினின்று மேற்கேயுள்ள இராட்சசதாலத்திற்கு 100 அடி அகலமும் 3 அடி ஆழமும் உடைய நீரோட்டம் சென்றதைக் கண்டார். இருவர் கூற்றும் மெய்யே. கங்கா சூ எனப்படும் அக்கால்வாய் ஏறக்குறைய 6 மைல் நீளமுடையது, வாவியின் நீர்மட்டம் உயருங்கால் ஓடும், தாழுங்கால் வறளும். மானதவாவி 15,060 அடி உயரத்தில், 54 மைல் சுற்றளவோடு விளங்குவது, நன்னீருடையது. இராட்சசதாலம் அதனிற் சிறிது தாழ்ந்த மட்டத்தில் உளது. அதன் நீர் உவர்ச்சுவையுடையது. கரையில் மக்கள் வழிபாடும் அருகியது. இலங்கை வேந்தன் தவம் புரிந்த இடமென அதனைக் கூறுவர். திருஞானசம்பந்தப் பெருமான் தம் பதிகங்களிற் பெரும்பாலும் எட்டாந் திருப்பாட்டில் அவ்வேந்தன் கயிலையை எடுத்த செய்தியைக் கூறுதலின், தமிழ்நாட்டுச் சிற்றூர்க் கோயில்களிற் கூட அம்மலையின் பெயர் நாள்தோறும் ஒலித்து வந்திருக்கின்றது.

1865இல் இந்திய நில அளவைத் துறையார் குமாயூன் நாட்டு மீலம் என்னும் ஊரினராகிய நயின் சிங் என்னும் பள்ளியாசிரியரைத் திபேத்திற்கு விடுத்தனர். வெள்ளையர்க்கு அந்நாட்டின் வாயில் அடைத்திருந்தமையின் இவ்வேற்பாடு. அவர் கையிற் செபமாலை. அதில் 108 மணிக்கு மாறாக 100 மணி. 100 அடிவைப்புக்கு ஒரு மணி தள்ளுவர். ஒரு மைலுக்கு 2,000 அடிவைப்பு என்பது அவர் பயின்ற கணக்கு. கைச்சக்கரத்தினுள் மந்திரச் சுருளுக்கு மாறாக அளவைக் குறிப்புக்கள். இவ்வாறு லாசா நகரை அடைந்து, பிரமபுத்திராவின் மேற்பகுதி வழியே மானதவாவிக்கு வந்து, 1866இல் தாயகம் மீண்டார். வழிபாட்டுக் கருவியை அளவுகோலாக்கிய இச்செயலைக் குறைகூறுவாரும் உளர். யாம் கூறேம். அம்மலைநாட்டார் தலைமுறை தலைமுறையாக உப்புக்கும் கம்பளிக்கும் தானியத்தைப் பண்டமாற்றுச் செய்து நடந்த வழிகளையே அவர் எண்ணிக் குறித்தனர். வழியறிந்தவனே வழியை அளந்தான்.

1907இல் ஹெடின் மானதவாவியிற் படகு செலுத்தி ஆழம் பார்த்தார்; 268 அடி வரை கண்டார். அவ்வாண்டிலேயே சிந்துவின் தலையையும் அடைந்தார். பிரமபுத்திராவின் தலை கூபி என்னும் பனிமலைப் பகுதியே என்றும் அவர் முடிபு செய்தனர். ஆந்திர நாட்டிற் பிறந்த சுவாமி பிரணவானந்தர் பன்முறை அங்குச் சென்று, குளிர்காலத்தும் கரையிற் றங்கி, இம்முடிபுகளை மறுத்தனர். அவர் ஆராய்ச்சி நூலைக் கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1939இல் வெளியிட்டது. நீரின் மிகுதி ஒன்றைக் கொண்டே ஆற்றின் தலையைத் துணிதல் கூடாது. நீளத்தையும், அந்நிலத்தார் தொன்றுதொட்டுத் தலையெனப் போற்றும் இடத்தையும் உடன்வைத்து நோக்கல் வேண்டும் என்பது அவர் வாதம். பிரமபுத்திராவின் தலை சேமாயுங்துங்கு என அவர் நாட்டினர். ஆற்றின் தலையாவது யாது என்பதே வழக்காயிருக்குங்கால், அதன் கரையில் வாழ்வார் சொல்லுக்கு ஓரிடம் அளித்தல் முறையெனவே யாமும் கருதுகின்றோம்.

இத்துணைப் பேராறுகளின் தலையாகிய நிலம் எவர்க்கு உரியதாயிருந்தது? மேற்றிபேத்தாகிய இப்பகுதியின் பெயர் நகரி. பத்தாம் நூற்றாண்டு முதல் இதன் மேல்பகுதியில் குகே என்னும் அரசு விளங்கிற்று. சட்லெட்சுக் கரையிற் சாபராங்கு அதன் தலைநகர். 1630இல் இலடாக்கு அரசர் அதனை வென்றனர். பின்னர் லாசாவிற்கும் இலடாக்கிற்கும் போர் மூண்டு, 1684இல் உடன்படிக்கை ஏற்பட்டது. நகரி லாசாவின் ஆட்சிக்கு உட்பட்டது. ஆயினும் அவ்வுடன்படிக்கையில் ஓர் அருமையான விதி உண்டு: கயிலைக்கு அணித்தாகிய மின்சார் என்னும் சிற்றூர் மாத்திரம் இலடாக்கு அரசர்க்கே உரியது, அதன் வருவாய் கயிலையிலும் இரு வாவிகளிலும் விளக்கிடுதற்கு. நம் நாட்டுக் கல்வெட்டுக்களில் நந்தாவிளக்கிற்கு நிலமும் ஆடும் விட்ட செய்திகளைப் படிப்பார்க்கு இவ்விதி புதிதாகத் தோன்றாது. இலடாக்கு பின்னர்ச் சம்மு அரசரின் கைப்பட்டது. அதன்பின் இருபதாம் நூற்றாண்டிலும் காசுமீர அலுவலர் மின்சாருக்குச் சென்று வரி தண்டி வந்தனர். கயிலையின் அடியிலுள்ள தார்ச்சென் முதலிய சில இடங்கள் பூட்டான் அரசின் ஆட்சியில் 1959 வரை இருந்தன. நாட்டின் எல்லை வேறாகவும் வழிபாட்டின் உரிமை வேறாகவும் இவ்வாறு பல நூற்றாண்டு நடந்தது.

படை கொண்டு இந்நிலத்தைப் பற்ற முயன்றாரும் உளர். சம்மு அரசர் குலாப் சிங்கின் படைத்தலைவராகிய சோராவர் சிங் 1841இல் நகரி முழுதையும் வென்று புராங்கு வரை சென்றார். பனிக்காலம் சூழ்ந்தது, கணவாய்கள் அடைபட்டன, அவ்வாண்டு திசம்பரில் தக்கலாகோட்டிற்கு அருகே அவர் வீழ்ந்தார். அவர் படையிற் பலரைக் கொன்றது குளிரே. 1842இல் ஏற்பட்ட உடன்படிக்கை பழைய எல்லையையே மீள நிறுவிற்று.

1954 ஏப்ரல் 29ஆம் நாள் இந்தியாவும் சீனாவும் செய்துகொண்ட ஒப்பந்தம் ஆறு கணவாய்களைப் பெயர்சுட்டிக் கூறி, யாத்திரிகர் வழக்கம்போற் கயிலைக்கும் மானதவாவிக்கும் செல்லலாமென விதித்தது. 1962இல் அவ்வொப்பந்தம் காலாவதியாயிற்று. அவ்வாண்டே போரும் மூண்டது. வழி அடைபட்டது. 1981இல் இலிபுலேக்கு வழி மீண்டும் திறக்கப்பட்டது. 2015இல் சிக்கிமிலுள்ள நாதுலா வழியும் திறக்கப்பட்டது. 2020இல் நின்ற யாத்திரை 2025இல் மீளத் தொடங்கிற்று. இலிபுலேக்கின் உரிமை பற்றி இந்தியாவிற்கும் நேபாளத்திற்கும் வழக்கு உண்டு. 1816இல் உறுதிப்பட்ட சுகௌலி உடன்படிக்கை காளியாற்றை எல்லையெனக் கூறிற்றாதலின், அவ்வாற்றின் தலை யாது என்பதே வழக்கின் வேர். ஆற்றின் தலையைத் துணிதல் வெறும் புலமை வினோதமன்று என்பதனை இதனாலும் அறியலாம்.

கயிலையை வலம் வரும் வழி 32 மைல். அதன் மிக உயர்ந்த இடம் 18,000 அடிக்கு மேற்பட்ட தோல்மாக் கணவாய். பௌத்தரும் நம்மவரும் வலமாகச் சுற்றுவர். திபேத்தின் பழஞ்சமயமாகிய பொன் நெறியினர் இடமாகச் சுற்றுவர். சமணர் ஆதிநாதர் வீடுபெற்ற அட்டாபதம் இதுவென்பர். சிகரத்தின்மேல் எவரும் ஏறியதாகச் சான்றில்லை. ஏறுதல் எந்நெறியார்க்கும் வழிபாடன்று.

தமிழ்நாட்டினின்று இம்மலையை நோக்கி நடந்தாராகப் பெரியபுராணம் கூறுவது திருநாவுக்கரசு சுவாமிகளை. ஏனைய இருவரும் வடநாட்டுப் பதிகளைத் திருக்காளத்தியினின்றே நோக்கிப் பாடினர். நாவரசரின் வழியைச் சேக்கிழார் நாடுகளின் பெயரால் தொடர்ந்து கூறுகின்றார்: திருக்காளத்தி, திருப்பருப்பதம், கருநடம், மாளவம், வாரணாசி. வாரணாசிக்குப் பின் ஊர்ப்பெயரோ நாட்டுப்பெயரோ இல்லை. உடன்வந்தாரை விடுத்துத் தனியே கானம் புகுந்தார் என்பதே. அதன்மேல் தாள் தேய, கை தேய, மார்பு தேய ஊர்ந்த அவரை இறைவன் முனிவர் வேடத்தில் தடுத்தாட்கொண்டமையும், பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்து அங்கே கயிலைக் காட்சி கண்டமையும் அன்பர் அறிந்தனவே. பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டு அமைச்சர் ஒருவர்க்கு வாரணாசி வரை வழி பெயரோடு தெரிந்திருந்தது, அதற்கப்பால் தெரிந்திலது. தெரியாத இடத்திற் கற்பனைப் பெயர்களை இட்டு நிரப்பாமல் விடுத்தமை சேக்கிழாரின் நேர்மையாம்.

வாரணாசிக்கும் கயிலைக்கும் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 400 மைல். அவ்விடைவெளியில் ஒருவன் கடக்க வேண்டுவன சமவெளி, சிவாலிக், இடைமலை, பனிமலை, புராங்கு, குருலா, வாவிகள், பர்க்கா வெளி. கர்ணாலி ஓடும் வழியும் அவ்விடைவெளியிலேயே உளது. இலிபுலேக்கிற்கு அப்பால் தக்கலாகோட்டிற் கால்நனைப்போர், காக்ராவாகிக் கங்கையிற் கலக்கும் அந்நீரையே மிதிக்கின்றனர்.